அடியில் சிறிய எழுத்தில் ஒரு பெயர்

எங்கள் ஊர்க் கோவிலில் இரண்டு பாட்டுப் புத்தகங்கள் புழக்கத்தில் இருந்தன. ஒன்று பாமாலை, மற்றது கீர்த்தனை. ஞாயிறு காலை ஆராதனைக்குப் பாமாலை. சாயங்கால ஜெபம், வீட்டுக் கூட்டம், லெந்து நாட்கள், கிறிஸ்துமஸ் பஜனை எல்லாவற்றுக்கும் கீர்த்தனை. இப்படித்தான் பாட வேண்டும் என்று யாரும் சட்டம் போட்டதில்லை. ஆனாலும் காலையில் ஆர்மோனியப் பெட்டிக்குப் பின்னால் உட்காரும் வாத்தியார் கீர்த்தனையைத் தொடமாட்டார். மாலையில் கைத்தாளம் எடுக்கும் பெரியவர்கள் பாமாலையைத் திறக்கமாட்டார்கள். திருநெல்வேலிச் சீமையில் வளர்ந்த கிறிஸ்தவர்களுக்கு இது புதிய சங்கதி இல்லை.

பாட்டுகளை எண்ணால்தான் சொல்லுவோம். கல்யாணத்துக்கு இன்ன எண், அடக்க ஆராதனைக்கு இன்ன எண் என்று ஊருக்கே மனப்பாடம். மணி அடிக்கிறவர் பலகையில் எண்களைச் செருகி வைத்ததும், பின் வரிசையில் உட்காரும் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இழுத்துப் பாடுகிற பாட்டு வந்தால் பிள்ளைகள் முகம் வாடும். யார் எழுதினது என்று மட்டும் ஒருவரும் கேட்டதில்லை. வீட்டிலிருந்த கீர்த்தனைப் புத்தகத்தில் பாட்டின் தலைமேல் ராகமும் தாளமும் அச்சிட்டிருக்கும். சில பாட்டுகளின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு பெயரும் இருக்கும். பாடுகிற அவசரத்தில் அந்த இடத்துக்குக் கண் போவதில்லை. அதற்குள் அடுத்த எண்ணைச் சொல்லிவிடுவார்கள்.

ஆச்சி கைநாட்டு. வேதப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொள்வாளே தவிர வாசிக்கத் தெரியாது. ஆனால் பெரிய வெள்ளிக்கிழமைச் சம்பவம் முழுவதையும் ஒன்று விடாமல் சொல்லுவாள். கெத்செமனே தோட்டம், யூதாசின் முத்தம், பேதுரு மறுதலித்தது, பிலாத்து கை கழுவியது, சிரேனே ஊரான் சீமோன் சிலுவை சுமந்தது என்று எதுவும் முன்பின் ஆகாது. அவளுக்கு அது சரணங்களின் வரிசை. பாடுகளின் கீர்த்தனைகள் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. பல்லவி ஒரு வசனத்தைப் பிடித்து நிறுத்தும். சரணங்கள் சுவிசேஷக் கதையை நடத்திக்கொண்டு போகும். எதுகையும் மோனையும் மறந்த சொல்லை எடுத்துக் கொடுக்கும். எழுத்தறியாத ஒரு தலைமுறைக்கு வேதாகமம் போய்ச் சேர்ந்த வழி இதுதான். பிரசங்கத்தில் ஐயர் ஒரு வசனத்தைத் தொடங்கினால் ஆச்சியின் வாய் அதற்குரிய பல்லவியை முணுமுணுக்கும். ஐயர் முடிப்பதற்குள் அவள் சரணத்துக்குப் போயிருப்பாள்.

பெயர்களை எனக்கு முதலில் காட்டியவர் சித்தப்பா. பள்ளிக்கூட வாத்தியார், ஞாயிறு பிற்பகலில் ஓய்வுநாள் பாடசாலையும் நடத்துவார். பாட்டுச் சொல்லிக் கொடுக்கும்முன் எழுதியவர் பெயரையும், எந்த வேதபகுதியிலிருந்து பிறந்தது என்பதையும் சொல்லாமல் தொடங்கமாட்டார். எங்களுக்கு அது தண்டனை. எப்போது பாட்டு வரும் என்று காத்திருப்போம். ஆனால் கதைகள் தங்கிவிட்டன.

அவர் விரும்பிச் சொன்னது ஃபப்ரீஷியஸ் கதை. ஜெர்மன்காரர். 1740-இல் தரங்கம்பாடியில் வந்து இறங்கி, இரண்டு வருஷத்தில் சென்னைக்குப் போனவர், அங்கேயே வாழ்ந்து முடித்தார். தமிழ் வேதாகமத்தை மொழிபெயர்த்தார். அவருடைய புதிய ஏற்பாடு 1772-இல் வேப்பேரியில் அச்சானது. தமிழ்–ஆங்கில அகராதி செய்தார். ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். லுத்தரன் சபைகளில் இன்றும் அவற்றைப் பாடுகிறார்கள். இவ்வளவும் செய்த மனிதர், பிறர் நம்பிக் கொடுத்த பணத்தை வட்டிக்கு விட்டு, வாங்கியவர்கள் கை விரித்ததும் கடன்காரராகி, முதிர்ந்த வயதில் சிறைக்குப் போனார். 1791-இல் இறந்தார். சித்தப்பா இந்த இடத்தில் நிறுத்தி, “சங்கீதப் புஸ்தகத்தை மொழிபெயர்த்த கை, ஜெயில்ல இருந்திருக்குலே” என்பார். அதற்கு மேல் விளக்கம் கிடையாது. உடனே பாட்டு.

மொழிபெயர்ப்புப் பாட்டுகளைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். பாமாலையின் மெட்டுகள் ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் பிறந்தவை. அடிக்கு இத்தனை அசை என்பது அந்த மெட்டில் ஏற்கெனவே தீர்மானமாகிவிட்டது. தமிழ்ச் சொல் அந்த அளவுக்குள் அடங்க வேண்டும். மெட்டு நீள்கிற இடத்தில் குறில் வந்து மாட்டிக்கொள்ளும். பாடுகிறவர் அதை நெடிலாக இழுப்பார். சொல் உருத்தெரியாமல் போகும். அடி நிரம்புவதற்காகவே சில சொற்கள் வந்து நிற்பதும் உண்டு. தமிழாசிரியர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். எனக்கும் பல பாட்டுகள் அப்படித்தான் படுகின்றன. ஆனால் சில பாட்டுகளில், மெட்டும் சொல்லும் எப்படியோ ஒத்துப்போய், மூலம் தமிழோ என்று நினைக்க வைக்கும்.

தாத்தாவின் அடக்கத்தில் பாடியது அப்படி ஒன்று. லூக்கா 24-ஆம் அதிகாரத்தில் எம்மாவூருக்குப் போகிற வழியில் இரண்டு சீஷர்கள், கூட வந்தவர் யாரென்று தெரியாமலே, பொழுது சாய்ந்துவிட்டது, எங்களோடு தங்கும் என்று வருந்திக் கேட்கிறார்களே, அந்த இடத்திலிருந்து பிறந்த பாட்டு. எழுதியவர் ஹென்றி ஃபிரான்சிஸ் லைட். இங்கிலாந்தின் தென்கரையில் பிரிக்ஸம் என்கிற மீன்பிடி ஊரில் குருவானவராக இருந்தவர். காசநோய். 1847-இல் சபையிடம் விடைபெற்றுக்கொண்டு வெயில் தேடித் தெற்கே போனார். அந்த நவம்பரிலேயே நீஸ் நகரில் காலமானார். அவர் செய்தது சின்ன மாற்றம். லூக்காவில் சாய்ந்தது ஒரு நாளின் பொழுது; லைட் அதை ஆயுசின் பொழுதாக்கினார். விருந்தோம்பலுக்கான அழைப்பு சாகிறவனின் விண்ணப்பம் ஆகிவிட்டது. இன்று உலகமெங்கும் பாடப்படும் மெட்டை வில்லியம் மங்க் 1861-இல் அமைத்தார். காந்திக்குப் பிடித்த பாட்டு என்பதால் டில்லியில் குடியரசு தின விழாக்களை முடித்துவைக்கும் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் வருஷா வருஷம் இசைத்தார்கள். 2022-இல் அதை நீக்கினார்கள். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது என்று சொல்லமாட்டேன். எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அதை யாரும் நீக்கவில்லை.

கல்லூரியில் படிக்கத் திருச்சிக்குப் போனேன். சித்தப்பா ஒரே ஒரு காரியம் கேட்டார்: “ஹீபர் ஐயர் கல்லறையைப் பாத்துட்டு வாய்யா.” ரெஜினால்ட் ஹீபர் கல்கத்தாவின் பேராயர். திருச்சியில் அவர் பெயரில் கல்லூரியும் பள்ளிக்கூடமும் உண்டு. பெயரை அறியாதவர் கிடையாது. ஆனால் உலகமெங்கும் திரித்துவ ஞாயிறன்று பாடப்படும், மூன்றுமுறை பரிசுத்தர் என்று முழங்கும் அந்தப் பாட்டை எழுதியவர் திருச்சியில் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார் என்பது உடன் படித்தவர்களில் பலருக்குத் தெரியாது.

ஏசாயா 6-ஆம் அதிகாரத்தில் சேராபீன்கள் ஒன்றையொன்று நோக்கிக் கூப்பிடுவதும், வெளிப்படுத்தின விசேஷம் 4-ஆம் அதிகாரத்தில் மூப்பர்கள் கிரீடங்களைச் சிங்காசனத்தின் முன் கழற்றி வைப்பதும், கண்ணாடிக் கடலும் எல்லாம் அந்தப் பாட்டில் இருக்கின்றன. ஹாட்னட் என்கிற ஆங்கிலக் கிராமத்தில் குருவானவராக இருந்த காலத்தில் எழுதியது. அச்சில் வந்தது 1826-இல், அவர் இறந்த ஆண்டில்.

அந்த ஆண்டு அவர் தெற்கே பயணம் வந்தார். மார்ச் 26 ஈஸ்டர். தஞ்சாவூரில் ஆராதனை நடத்தி, தமிழர்களுக்குத் தமிழிலேயே ஆசீர்வாதம் கூறினார். பிறகு திருச்சி. ஏப்ரல் 3-ஆம் தேதி காலை, கோட்டைப் பகுதியில் பழைய மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயர் கட்டிய கிறிஸ்து ஆலயத்தில் தமிழ்ச் சபையாருக்குத் திடப்படுத்தல் ஆராதனை நடத்தினார். சித்திரை வெயில் தொடங்கும் காலம். தங்கியிருந்த வீட்டுக்குத் திரும்பி, குளிக்கும் தொட்டியில் இறங்கியவர் எழுந்து வரவில்லை. 43 வயது நிறைய இன்னும் சில நாட்கள் இருந்தன. புனித யோவான் ஆலயத்துக்குள் அடக்கம் செய்தார்கள்.

நான் போனபோது ஆலயத்தில் யாரும் இல்லை. கல்வெட்டைப் படித்துவிட்டு வந்து சித்தப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். ஹீபரைப் பற்றி எனக்கிருந்த பக்தி அத்தோடு நின்றிருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். பிறகு நூலகத்தில் அவருடைய இன்னொரு பாட்டைக் கண்டேன். 1819-இல், மிஷனுக்குக் காணிக்கை எடுக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காக, முந்தின நாள் சனிக்கிழமை, ரெக்ஸம் ஊரில் மாமனார் வீட்டில் உட்கார்ந்து எழுதியது. இலங்கையின் காற்று மணம் வீசுகிறது, காட்சியெல்லாம் இன்பம், மனிதன் மட்டும் இழிந்தவன் என்று அதில் பாடுகிறார். அப்போது அவர் இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. 1925-இல் கல்கத்தாவில் மிஷனரிகளுக்கு முன் பேசிய காந்தி, இந்தப் பாட்டு தன்னைத் தைத்ததை நேருக்கு நேராகச் சொன்னார். லைட் பாட்டை நேசித்த அதே காந்தி.

ஏசாயாவின் தரிசனத்தில் நின்று எழுதியபோது ஹீபர் தலைகுனிந்து நிற்கிறார். உலக வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு எழுதியபோது தலை நிமிர்ந்துவிடுகிறது. ஒரே ஆள்தான். வசனத்தின் அடியில் நின்றபோது எழுதிய பாட்டு நிலைத்தது. மற்றது அவருடைய காலத்தோடு நாறிப்போயிற்று. எல்லாப் பாட்டுக்கும் இதை விதியாகச் சொல்ல முடியுமா என்றால், முடியாது. அடுத்து வருகிறவர் அதற்குச் சாட்சி.

ஹீபர் தஞ்சைக்கு வந்த அந்த ஈஸ்டரின்போது, தஞ்சைத் தமிழ்ச் சபையின் பெரிய ஆளாக ஐம்பதைக் கடந்த ஒரு புலவர் இருந்தார். வேதநாயகம் சாஸ்திரியார். 1774-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே ஸ்வார்ட்ஸ் ஐயர் தஞ்சைக்கு அழைத்துப் போனார். பின்னாளில் சரபோஜி மன்னரான இளவரசரும் அதே ஐயரின் நிழலில் வளர்ந்தார். மன்னருக்கும் புலவருக்கும் நெருக்கம் அந்த வயதிலிருந்தே உண்டு. பெரிய கோவில் ஈசனைப் பாடும்படி மன்னர் கேட்டதாகவும், புலவர் அதற்கு இயேசுவைத் துதிக்கும் ஒரு கீர்த்தனையைப் பதிலாகப் பாடியதாகவும் சொல்லுவார்கள். எங்கள் ஊரில் அதைக் கேட்காத பிள்ளை இல்லை.

‘பெத்லகேம் குறவஞ்சி’யைச் சொல்லாமல் அவரைப் பற்றிப் பேசக் கூடாது. குறவஞ்சி என்றால் உலா வரும் தலைவன், அவன்மேல் காதல் கொள்ளும் தலைவி, குறி சொல்லும் குறத்தி. சாஸ்திரியார் அந்த அச்சை அப்படியே வைத்துக்கொண்டார். தலைவன் பெத்லகேம் நாதர், தலைவி தேவமோகினி, குறி சொல்ல வருகிறவள் விசுவாச சிங்கி, அவளைத் தேடி வருகிறவன் ஞானச் சிங்கன். உன்னதப்பாட்டின் காதலும் மணவாட்டியாகிய சபையும் திருக்குற்றாலக் குறவஞ்சியின் மேடையில் ஏறிவிட்டன. நடுவில் பூமி சூரியனைச் சுற்றுவதையும் கிரகங்களின் வரிசையையும் வேறு பாட்டில் வைத்துவிட்டார். ஐரோப்பியக் குருமாரிடம் படித்ததை வீணாக்க மனமில்லை போலும். இவ்வளவு துணிச்சலான புலவர் அந்தக் காலத்தில் வேறு யார் இருந்தார் என்று எனக்குத் தெரியவில்லை.

சாதி விஷயத்தில் அவரே வேறு ஆள். ஸ்வார்ட்ஸ் காலத்துக்குப் பின் வந்த மிஷனரிகள் கோவிலுக்குள் சாதிப் பிரிவினை கூடாது என்று கண்டிப்புக் காட்டினார்கள். சாஸ்திரியார் எதிர்த்தார். பழைய வேத மொழிபெயர்ப்பை மாற்றுவது, சாதிகளை வலுக்கட்டாயமாகக் கலப்பது, சடங்குகளில் பூவை விலக்குவது, தமிழ்ப் பாட்டையும் வாத்தியத்தையும் கோவிலில் தடுப்பது என்று அவரும் அவர் பக்கத்தாரும் நாலு கொடுமைகளைக் குறித்து முறையிட்டார்கள். மிஷன் வேலை போனது. சரபோஜிதான் ஆதரித்தார். சாஸ்திரியார் காக்க நினைத்த பழைய வேதம் ஃபப்ரீஷியஸ் செய்தது.

நாலில் மூன்றுக்கு நான் அவர் பக்கம். பூவும் பாட்டும் இல்லாத கிறிஸ்தவம் எங்கள் ஊரில் ஒரு தலைமுறை தாங்கியிருக்காது. பாக்கி ஒன்று என்னைச் சுட்டது. அவர் நினைத்தபடி நடந்திருந்தால் எங்கள் தாத்தா கோவிலில் எந்த மூலையில் உட்கார வேண்டியிருந்திருக்கும், நற்கருணைப் பாத்திரத்தில் யாருக்குப் பிறகு வாய் வைக்க வேண்டியிருந்திருக்கும் என்று கணக்குப் போட எனக்கு வெகு நேரம் ஆகவில்லை. விடுமுறையில் ஊருக்குப் போனதும் ஆச்சியிடம் சொன்னேன். நீ பாடுகிற பாட்டில் பாதி அவர் எழுதினதுதான், நம்மோடு சேர்ந்து உட்கார அவர் சம்மதித்திருக்கமாட்டார் என்றேன்.

ஆச்சி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். “அப்படியா” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “அவரு பாடுன சங்கீதம் அவருக்கு முந்தியே இருக்குல்லா? தாவீது யோக்கியமா? பாடுலே, பாடு” என்றாள்.

பத்சேபாளின் கதை தெரிந்தவள். 51-ஆம் சங்கீதம் எந்தச் சமயத்தில் பாடப்பட்டது என்பதும் தெரிந்தவள். ஆச்சிக்குச் சரியாக இருந்த பதில் எனக்கு முழுக்கச் சரியாக இருக்கவில்லை. இன்றும் சாஸ்திரியார் கீர்த்தனைகளைப் பாடுகிறேன்; பாடும்போது அந்த நாலு கொடுமைகளும் நினைவில் வராமல் இருப்பதில்லை. வரட்டும் என்றுதான் நினைக்கிறேன். பாட்டு அதனால் கெட்டுப்போகவில்லை.

கிருஷ்ண பிள்ளையிடம் எனக்கு இந்தச் சங்கடமெல்லாம் இல்லை. 1827-இல் திருநெல்வேலிப் பக்கம் கரையிருப்பில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி வளர்ந்தவர். சாயர்புரத்தில் கிறிஸ்தவப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கப் போன இடத்தில் மனம் திரும்பிற்று. 1858-இல் சென்னையில் ஞானஸ்நானம். ஜான் பன்யன் எழுதிய பயணக் கதையை எடுத்து ‘இரட்சணிய யாத்திரிகம்’ என்ற காப்பியமாக்கி 1894-இல் வெளியிட்டார். கிறிஸ்தவக் கம்பர் என்று அழைத்தார்கள். அந்தக் காப்பியத்துக்குள்ளே தேவாரம் என்று பெயரிட்டு இசைப்பாக்கள் வைத்திருக்கிறார். ஆழ்வாரின் குழைவு, நாயன்மாரின் பண், உள்ளே சிலுவை. சித்தப்பா அவற்றைப் பாடும்போது குரல் கம்மும். பள்ளிக்கூடத்தில் பிரம்பெடுத்தால் ஊரே நடுங்கும் மனிதர் அவர். தம் பழைய பக்தியைத் தூக்கி எறிந்துவிட்டு வந்தவர்களின் பாட்டில் ஒரு வறட்சி இருக்கும். பிள்ளை தன் தமிழை முழுதாக மூட்டை கட்டிக்கொண்டு வந்தார். அவர் பாட்டுகள் எங்கள் ஆராதனையில் அதிகம் ஒலிக்காதது நம் சபைகளின் சோம்பேறித்தனம் என்பேன்.

மற்றவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். எட்வர்ட் வெப் என்ற அமெரிக்க மிஷனரி மதுரைப் பக்கத்திலிருந்து சாஸ்திரியார் முதலானோரின் பாட்டுகளைத் திரட்டி 1853-இல் அச்சேற்றியிராவிட்டால், தெருவிலும் திண்ணையிலும் இருந்த கீர்த்தனை கோவிலுக்குள் நுழைய இன்னும் காலம் ஆகியிருக்கும். நாஞ்சில் நாட்டு ஜான் பால்மர், தரங்கம்பாடி சாமுவேல் என்று புத்தகத்தின் அடியில் வரும் பெயர்கள் பல. ‘கருணாமிர்த சாகரம்’ எழுதிய தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் சுருதி ஆராய்ச்சிக்காகப் பேசப்படுகிற அளவுக்குத் தம் கிறிஸ்தவக் கீர்த்தனைகளுக்காகப் பேசப்படுவதில்லை. அம்மா காலத்தில் ஒலிநாடா வந்தது. சாராள் நவரோஜியின் பாட்டுகள் அடுக்களைக்குள் வந்தன. வேதவசனத்தை விட்டு ஓர் அடி விலகாத பாட்டுகள், எழுதியதும் பாடியதும் ஒரு பெண். அதுவரை புத்தகத்தின் அடியில் பெண் பெயரை நான் பார்த்ததில்லை. அம்மா ஒரு சரணத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு, நாடா இழுபட்டுப் போகும்.

இப்போது எங்கள் கோவிலில் திரை போட்டுவிட்டார்கள். எண் பலகை இல்லை, புத்தகம் கொண்டு வருகிறவர்களும் குறைவு. பாட்டு பெரிய எழுத்தில், மலைக்கும் அருவிக்கும் மேலே மிதந்து வருகிறது. கண் மங்கிய பெரியவர்களுக்கு அது உபகாரம். குறை சொல்ல மாட்டேன். ஆனால் ராகம், தாளம் இல்லை, வசனம் இல்லை, பெயரும் இல்லை. கணினியில் பாட்டைத் தட்டி ஏற்றுகிற வாலிபர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். முதல் திரையில் ஒரு வரி கூடச் சேருங்கள்: எழுதியவர் பெயர், தெரிந்தால் ஆண்டு, எந்த வேதபகுதி. வீட்டில் உபதேசியார் தாத்தாக்கள் கையால் எழுதி வைத்த பாட்டு நோட்டுகள் இருந்தால் பழைய காகிதக்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு நகல் எடுத்து ஏதாவது இறையியல் கல்லூரி நூலகத்தில் கொடுங்கள், எந்த ஊர், யார் எழுதியது என்ற குறிப்போடு.